லோகோ போட ஓவியர்தான் வர வேண்டுமா?

கடைக்கு இடம் பிடித்து, அட்வான்ஸ் கொடுத்து, பெயரையும் முடிவு செய்துவிட்டு போர்டு போடப் போனால், அங்கே கேட்கிற முதல் கேள்வி "லோகோ இருக்கா சார்?" என்பதுதான். இல்லை என்றால் போர்டு போடுபவரே கணினியில் ஒரு ஃபோல்டரைத் திறப்பார். நெற்கதிர், பச்சை இலை, கைகூப்பும் பெண், ஆவி பறக்கும் பானை என்று எல்லாம் அதில் தயாராக இருக்கும். பத்து நிமிடத்தில் லோகோ கையில் வந்துவிடும். அதே இலை பக்கத்துத் தெரு இயற்கை அங்காடியிலும் அடுத்த ஊர் மூலிகைக் கடையிலும் தொங்குவது பிறகுதான் கண்ணில் படும்.

நல்ல டிசைனரிடம் போகலாம். அவர் கேட்கும் தொகை அவர் உழைப்புக்கு நியாயமானதே. ஆனால் வீட்டில் மாவு அரைத்து விற்கத் தொடங்குகிற ஒருவருக்கு, இன்னும் ஒரு பாக்கெட்கூட விற்காத நிலையில், அது பெரிய தொகை. மிச்சமிருக்கும் வழி, தானே செய்துகொள்வது. "எனக்கு ஒரு கோடுகூட நேராகப் போடத் தெரியாதே" என்று தயங்குபவர்களுக்காகவே இந்தக் கட்டுரை. லோகோவுக்கு என்ன வேலை என்பது தெளிவானால் இந்தத் தயக்கத்தில் பாதி போய்விடும்.

சலவைக்குப் போட்ட துணியின் ஓரத்தில் இருக்கும் குறியை மூத்த தலைமுறையினர் பார்த்திருப்பார்கள். சேங்கொட்டையின் சாற்றைத் தொட்டு இரண்டு கோடும் ஒரு புள்ளியும் வைத்திருப்பார்கள். அல்லது ஒரு வட்டம், குறுக்கே ஒரு கீறல். எத்தனை முறை வெள்ளாவி வைத்தாலும் அது போகாது. ஊர்த் துணியெல்லாம் ஒரே குவியலாகக் கிடந்தாலும் எது யார் வீட்டுடையது என்று கண் மூடித் திறப்பதற்குள் பிரித்துவிடுவார்கள். அந்தக் குறி வீட்டுக்காரரின் தொழிலையோ குணத்தையோ சொன்னதில்லை. அடுத்த வீட்டுக் குறியோடு குழம்பாமல் இருந்தது, சட்டென்று போட முடிந்தது, அழியாமல் நின்றது. லோகோவிடம் எதிர்பார்க்க வேண்டியதும் இவ்வளவுதான்.

நாம் எதிர்பார்ப்பது வேறு. என்ன விற்கிறோம், எவ்வளவு சுத்தம், எத்தனை தலைமுறை அனுபவம், எந்த ஊர் என்று அத்தனையும் அந்தச் சின்ன வட்டத்துக்குள் வர வேண்டும் என்று நினைக்கிறோம். கொடியில் கயல் பொறித்த பாண்டியனை யாரும் மீன் வியாபாரி என்று நினைக்கவில்லை. அந்தக் கொடி பாண்டியனுடையது என்று தெரிந்தால் போதுமாக இருந்தது. கடையைப் பற்றிய விளக்கத்தைச் சொல்ல போர்டில் இடம் இருக்கிறது, பாக்கெட்டின் பின்பக்கம் இருக்கிறது, கடைக்காரரின் வாயும் இருக்கிறது.

இதைப் பெரிய நிறுவனங்களும் பட்டுத்தான் தெரிந்துகொண்டன. ஆப்பிள் நிறுவனத்தின் முதல் லோகோ 1976-இல் அதன் மூன்று நிறுவனர்களில் ஒருவரான ரொனால்ட் வேய்ன் வரைந்தது. மரத்தடியில் நியூட்டன் உட்கார்ந்திருப்பார், தலைக்கு மேல் ஆப்பிள் தொங்கும், சுற்றிலும் சட்டம், சட்டத்தில் ஒரு கவிதை வரி. மரச்செதுக்கு ஓவியம் போன்ற நுணுக்கமான வேலை. கணினியின் மீது சின்னதாக ஒட்டினால் என்னவென்றே தெரியாது. மறுவருடமே அதைத் தள்ளிவிட்டு ராப் ஜானோஃப் வரைந்த கடித்த ஆப்பிளை எடுத்துக்கொண்டார்கள். கடித்த அடையாளம் எதற்கு என்றால், சின்னதாக அச்சிடும்போது செர்ரிப் பழம் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு. தத்துவம் எதுவும் இல்லை. அடையாளம் குழம்பக் கூடாது என்ற கவலை மட்டுமே.

தேர்ந்த வடிவமைப்பாளர் அல்லாதவர்களும் இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். கோக-கோலா என்ற பெயரை 1886-இல் வளைந்து நெளிந்த எழுத்தில் எழுதியவர் ஃபிராங்க் ராபின்சன். அந்தப் பானத்தைத் தயாரித்த மருந்தாளர் பெம்பர்டனிடம் அவர் கணக்கு எழுதியவர். அந்தக் காலத்து அமெரிக்கக் கணக்கர்கள் பழகியிருந்த ஸ்பென்சீரியன் கையெழுத்துப் பாணியிலேயே பெயரையும் எழுதினார். நைக்கியின் வளைகோட்டை 1971-இல் வரைந்த கரோலின் டேவிட்சன் அப்போது போர்ட்லேண்டில் மாணவி. அதற்கு அவர் வாங்கியது 35 டாலர். நிறுவனர் ஃபில் நைட்டுக்கு முதலில் அது பெரிதாகப் பிடிக்கவில்லை. கூகுளின் தொடக்க கால எழுத்து லோகோவை 1998-இல் செர்கே பிரின் கிம்ப் என்ற இலவச மென்பொருளில் தானே செய்துகொண்டார். பிறகு 1999-இல் ரூத் கேதார் என்ற வடிவமைப்பாளர் அதைச் செம்மை செய்தார். இந்தக் கடைசி உதாரணம் சிறு வியாபாரிகளுக்கு நன்றாகப் பொருந்தும். முதலில் கையிலிருப்பதை வைத்து ஒன்று செய்துகொள்ளலாம். வியாபாரம் பிடித்த பிறகு தேர்ந்தவரிடம் கொடுத்துத் திருத்திக்கொள்ளலாம்.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று சுவரில் இருக்கிறது. 1951 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 18 பேர். பெயரைப் படித்து வாக்களிக்க முடியாத மக்களுக்காகத்தான் முதல் பொதுத்தேர்தலிலேயே சின்னங்கள் வந்தன. ஏணி, சைக்கிள், விளக்கு போன்ற சின்னங்கள் பலவற்றைத் தேர்தல் ஆணையத்தில் வரைவாளராக இருந்த எம்.எஸ்.சேத்தி பென்சிலால் வரைந்தார். உதயசூரியனை எடுத்துக்கொள்ளுங்கள்: இரண்டு மலை, நடுவே அரை வட்டம், சில கதிர்கள். 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் களம் இறங்கிய இரட்டை இலையும் அப்படித்தான்: ஒரு காம்பு, இரண்டு இலை. கட்சித் தொண்டர் ஒரு வாளிச் சுண்ணாம்பும் ஒரு நிறமும் தூரிகையுமாக இரவோடு இரவாக ஒரு தெருவையே முடித்துவிடுவார். அவர் வரைந்த இலையும் அடுத்த ஊர்க்காரர் வரைந்த இலையும் அளவில், வளைவில் வேறுபடும். பார்ப்பவருக்கு அதனால் ஒரு குழப்பமும் இல்லை. கைக்குக் கை மாறியும் அடையாளம் மாறாத வடிவம் என்றால் இதுதான். வரையத் தெரியாதவரின் லோகோவுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

சரி, எங்கே தொடங்குவது? படமே வேண்டுமா என்ற கேள்வியில் தொடங்குங்கள். பெயர் சுருக்கமாகவும் அழகாகவும் இருந்தால் அதை ஒரு நல்ல எழுத்துருவில் எழுதினாலே லோகோ முடிந்தது. பாதிப் பேருக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. தமிழில் இலவசமாக, வியாபாரத்துக்கும் பயன்படுத்தும் உரிமத்துடன் நல்ல எழுத்துருக்கள் கிடைக்கின்றன. கூகுள் ஃபான்ட்ஸில் தமிழ் என்று வடிகட்டிப் பார்த்தால் முக்தா மலர், ஹிந்த் மதுரை, குண்டு குண்டாகச் சிரிக்கும் பாலூ தம்பி, பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கேட்டமரன், இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸின் சாய்ந்த எழுத்தான கவிவாணர் எல்லாம் வரும். பெயரை ஐந்தாறு எழுத்துருக்களில் தட்டி, தாளில் எடுத்துச் சுவரில் ஒட்டி, நான்கு நாள் போகும்போதும் வரும்போதும் பாருங்கள். சலிக்காத ஒன்று மிஞ்சும்.

தமிழ் எழுத்துக்கென்று சில கவனங்கள் உண்டு. புள்ளி முதலில் காணாமல் போகும். சின்ன அளவில் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். ண, ணை, ஞ போன்ற சுழி நிறைந்த எழுத்துகளைத் தடித்த எழுத்துருவில் போட்டால் சுழிக்குள் மை அடைத்துக்கொள்ளும். எழுத்துகளை ஒன்றோடொன்று நெருக்கினால் கால் யாருடையது, கொம்பு யாருடையது என்ற வழக்கு வந்துவிடும். பெயர் நீளமாக இருந்தால் இரண்டு வரியாக உடைப்பது நல்லது; எழுத்தை ஒடுக்கிப் பிழிவது எப்போதும் கண்ணை உறுத்தும்.

படமும் வேண்டும் என்பவர்களுக்கு ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். சிறுதானியக் கடை ஒன்றுக்கு 'உழக்கு' என்று பெயர் வைப்பதாக வைத்துக்கொள்வோம். கணினியைத் திறக்க வேண்டாம். ஒரு பழைய நோட்டில் தீப்பெட்டி அளவில் கட்டங்கள் போட்டு, தோன்றுவதையெல்லாம் கிறுக்குங்கள். முதலில் வருவது கம்புக் கதிர், பிறகு ஏர், பிறகு தலைப்பாகை கட்டிய விவசாயி, பிறகு இலை. இவை எல்லோருக்கும் முதலில் தோன்றுபவை, எல்லாக் கடையிலும் இருப்பவை. அவற்றைக் கிறுக்கித் தீர்த்தால்தான் அடுத்தது வரும்: உழக்கையே வரைந்தால் என்ன?

உழக்கு வரைவது எளிது. நின்ற வாக்கில் ஒரு செவ்வகம், குறுக்கே இரண்டு பட்டை. ஆனால் கை சும்மா இருக்காது. உழக்கிலிருந்து தானியம் சிந்துவது போல் வரைவோம். இருபுறமும் இரண்டு கதிர், சுற்றி ஒரு வட்டம், வட்டத்தில் 'இயற்கையோடு இணைவோம்' என்று ஒரு வாசகம், கீழே தொடங்கிய ஆண்டு, இடமிருந்தால் செல்பேசி எண். இப்போது ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். எண் நாளை மாறும், எடுத்துவிடலாம். வாசகம் வட்டத்தில் வளைந்து ஓடினால் யாரும் கழுத்தைத் திருப்பிப் படிப்பதில்லை, அதுவும் வேண்டாம். கதிரை எடுத்தால் உழக்கு தெரியாமல் போகிறதா? இல்லை. வட்டத்தை எடுத்தால்? இன்னும் நன்றாகத் தெரிகிறது. சிந்தும் தானியம் சின்ன அளவில் வெறும் அழுக்குப் புள்ளியாகத்தான் தெரியும், போகட்டும்.

மிஞ்சியது செவ்வகமும் பட்டைகளும். இது வெறும் டப்பாவாகவோ டிரம்மாகவோ தெரியலாம் என்பது நியாயமான சந்தேகம். அதற்கு மேலே ஒரே ஒரு வளைகோடு போதும்: உழக்கில் குவிந்து நிற்கும் தானியம். தலைதட்டி அளக்கும் கடைக்கும் குவித்து அளக்கும் கடைக்கும் உள்ள வேறுபாடு நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். வாசகத்தில் சொல்ல நினைத்ததை அந்த வளைவே சொல்லிவிடும். செவ்வகத்தைக் கறுப்பாக நிரப்பி, பட்டைகளை வெள்ளை இடைவெளியாக விட்டு, மேலே கறுப்பு வளைவு வைத்தால் வேலை முடிந்தது. கணினியில் இதற்கு வேண்டியவை ஒரு செவ்வகம், இரண்டு வெள்ளைக் கோடு, ஒரு அரை வட்டம். ஓவியத் திறமைக்கு இதில் வேலையே இல்லை. எதை எடுப்பது என்ற முடிவுதான் வேலை.

நிறத்தை இதுவரை தொடவில்லை, வேண்டுமென்றேதான். கறுப்பு வெள்ளையில் நிற்காத லோகோவை நிறம் காப்பாற்றாது. வடிவம் முடிந்த பிறகு ஒரு நிறம், மிஞ்சிப்போனால் இரண்டு. திரையில் மின்னுகிற பச்சையும் நீலமும் அச்சில் மங்கி வரும், ஏனெனில் திரை ஒளியில் நிறம் காட்டுகிறது, அச்சகம் நான்கு மைகளைக் கலந்து காட்டுகிறது. ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மெல்லக் கரைகிற பூச்சு போர்டில் அழகாக இருக்கலாம். துணிப்பையில் ஸ்கிரீன் பிரின்ட் போடுகிறவர் அதைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்குவார். அவருக்கு ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் வேண்டும், செலவும் அதற்கேற்பக் கூடும். மஞ்சப்பையில் ஒரே நிறத்தில் வரும் லோகோதான் கட்டுப்படியாகும். இன்னொன்று, தமிழ்நாட்டில் இரண்டு நிறங்களைச் சேர்த்து வைத்தாலே அது ஏதாவது ஒரு கொடியாகிவிடும் அபாயம் உண்டு. வாடிக்கையாளர் "நீங்க எந்தக் கட்சி?" என்று கேட்கும் முன் நீங்களே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிந்ததா இல்லையா என்று பார்க்க ஒரு சோதனை போதும்: ரப்பர் ஸ்டாம்ப். ஒரே மை, அரை அங்குல உயரம், சொரசொரப்பான பில் தாள். அதில் தெரிந்தால் வாட்ஸ்அப் டிபியின் சின்ன வட்டத்திலும் தெரியும், டி-ஷர்ட் எம்பிராய்டரியிலும் தெரியும், ஓடும் பேருந்திலிருந்து பார்க்கிற போர்டிலும் தெரியும். ஸ்டாம்ப் செய்யாமலே பார்க்க, லோகோவை நகத்தளவு அச்சிட்டு ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுங்கள். என்ன கரைந்து போகிறதோ அதை லோகோவிலிருந்தே நீக்கிவிடுங்கள். பிறகு உங்கள் தொழில் தெரியாத ஒருவரிடம் சில நொடி காட்டி மறைத்துவிட்டு, பார்த்ததை வரையச் சொல்லுங்கள். கோணல்மாணலாக வரைந்தாலும் பரவாயில்லை. செவ்வகமும் மேலே வளைவும் வந்துவிட்டால் உங்கள் லோகோ அவர் மனத்தில் ஏறிவிட்டது.

கருவி பற்றிப் பலரும் அதிகம் கவலைப்படுகிறார்கள். விஷயம் கோப்பில்தான் இருக்கிறது. ஜேபிஜி, பிஎன்ஜி படங்கள் சிறு சிறு புள்ளிகளால் ஆனவை. பெரிதாக்கினால் ஓரம் படிக்கட்டு படிக்கட்டாக உடையும். வெக்டர் கோப்பில் கோடும் வளைவும் கணக்காகப் பதிந்திருப்பதால் நாற்பதடி போர்டுக்கும் அப்படியே பெரிதாகும். எஸ்விஜி அல்லது பிடிஎஃப் வடிவில் ஒன்றைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். இன்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். கேன்வாவிலும் செய்யலாம், ஆனால் அதில் தயாராகக் கிடைக்கும் டெம்ப்ளேட்டையும் படங்களையும் எல்லோரும் பயன்படுத்த முடியும் என்பதால் அவற்றை வைத்துச் செய்த லோகோவை வர்த்தகக்குறியாகப் பதிய அந்த நிறுவனத்தின் விதிகளே இடம் தருவதில்லை. எளிய வடிவங்கள், கோடுகள், எழுத்துருக்கள் ஆகியவற்றோடு நின்றுகொண்டால் சிக்கல் இல்லை. செயற்கை நுண்ணறிவிடம் லோகோ கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: யோசனைக்கு அதைப் பயன்படுத்துங்கள். பொதுவாக அது தருவது புள்ளிப்படம். தமிழ் எழுத்தைத் தப்பும் தவறுமாகப் போடுவதும் உண்டு.

அச்சகத்துக்கு அனுப்பும் முன் செய்ய வேண்டிய ஒன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அங்கே கோரல்டிராவின் பழைய பதிப்பு இருக்கலாம், உங்கள் எழுத்துரு இல்லாமல் இருக்கலாம். 'கொழுந்து' என்று நீங்கள் அனுப்பியது அங்கே கொம்பு ஒரு பக்கம், ககரம் ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகச் சிதறிக் கிடக்கும். அவசரத்தில் அச்சகத்தார் வேறொரு எழுத்துருவில் அடித்துக் கொடுத்துவிடுவார். எழுத்துகளை முன்கூட்டியே 'கர்வ்ஸ்' ஆக, அதாவது வெறும் வடிவமாக மாற்றிவிட்டால் எந்தக் கணினியிலும் அவை அப்படியே நிற்கும். கோப்பை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும்.

சட்டத்திலும் ஒரு காலை வைத்துப் பார்த்துவிட வேண்டும். கிளினிக், மருந்துக்கடை வைப்பவர்கள் வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவை போடுவது வழக்கமாக இருந்தாலும், 1960-ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டப்படி அது செஞ்சிலுவை அமைப்புக்கும் ராணுவ மருத்துவப் பிரிவுக்கும் உரியது. தேசியக் கொடி, அரசு முத்திரை போன்றவற்றை வியாபாரத்துக்கு எடுத்துக்கொள்வதை 1950-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் டிஎம் என்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் ஆர் போடுவது பதிவு முடிந்த பிறகு மட்டுமே. பதிவில்லாமல் போட்டால் 1999-ஆம் ஆண்டு வர்த்தகக்குறிச் சட்டத்தின் கீழ் குற்றம்.

பதிவு செய்வது நினைக்கிற அளவுக்குப் பெரிய வேலை இல்லை. பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. சமையல் எண்ணெயும் ஊறுகாயும் 29-ஆம் வகுப்பு. அரிசி, மாவு, மசாலா 30-ஆம் வகுப்பு. தனிநபரும் சிறு தொழில் நிறுவனமும் இணையவழியில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்குக் கட்டணம் 4,500 ரூபாய். பதிவு பத்து ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். 'சுத்தமான நல்லெண்ணெய்' போலப் பொருளை மட்டும் விவரிக்கும் பெயர்களுக்குப் பதிவு கிடைப்பது கடினம்.

பதிவை வியாபாரம் ஓடத் தொடங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களும் ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். ஆயிரம் கவர் அச்சடிக்க ஆர்டர் கொடுக்கும் முன், உங்கள் பெயரும் அதைப் போன்ற ஒலியுள்ள பெயர்களும் ஏற்கெனவே யாரிடமாவது இருக்கின்றனவா என்று ஐபி இந்தியா இணையதளத்தில் உங்கள் வகுப்பைக் கொடுத்துத் தேடிவிடுங்கள். அந்தத் தேடலுக்குக் கட்டணம் கிடையாது.